பின் சீட்டின் உயரம்

அலுமினியத்தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து, துருப்பிடித்த க்ரோமியத்தின் மேல் தேய்த்தால் துரு கருஞ்சேறாகக் கரைந்து வந்துவிடும். விலை உயர்ந்த மருந்து எதுவும் வேண்டியதில்லை. தாள், தண்ணீர், பொறுமை, இவ்வளவுதான். லைல் ஹூக்ஸ்ட்ராவிடம் மூன்றும் இருந்தன. பொறுமை தேவைக்கு மேலேயே இருந்தது. எழுபத்து மூன்று வயதில், மனைவி போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆன வீட்டில், ஏப்ரல் வந்த பிறகும் பனி கொட்டுகிற மிஷிகன் ஏரிக்கரையில், ஒரு மனிதர் பொறுமையை வேறு எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பார்?

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கைவைத்திருந்தது ஐம்பத்தாறாம் வருடத்து இரட்டைச் சைக்கிளில். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் சேர்ந்து மிதிக்கிற வண்டி. ஓய்வு பெற்ற வருடம் அவரும் மனைவி வெர்னாவும் ஒரு பண்ணையில் கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து மீட்டு வந்தது. பதினொரு கோடைகள் அதில் சுற்றினார்கள். அவள் நோயில் படுத்த பிறகு வண்டி சுவரோரம் நின்றது, துரு தன் வேலையைப் பார்த்தது. துருவைக் கண்டால் லைலுக்குப் பொறுக்காது. பல் டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரிதான் அவர் ஊரார் சைக்கிள்களைப் பார்ப்பார்.

பின் சீட்டின் கம்பியை அன்று காலை தேய்த்து முடித்தார். துணியால் துடைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். அடி முதல் நுனி வரை ஒரு புள்ளி கிடையாது. அருமை என்று சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அந்தக் கம்பியில் அதுவரை ஒரு கோடு இருந்தது. சட்டத்துக்குள் செருகியிருந்த பாதி கிரீஸில் ஊறிப் பளபளப்பாகவே இருக்கும், வெளியே நின்ற பாதி துருப்பிடிக்கும். இரண்டும் சந்திக்கிற இடம்தான் வெர்னாவின் உயரம். அவள் குதிகால் பெடலில் பட, முழங்கால் சரியாக நீள, பதினொரு வருடம் மாறாமல் நின்ற உயரம். அதைத்தான் தேய்த்து எடுத்துவிட்டார்.

பழைய சைக்கிள்காரர்கள் சங்கத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் லைல் சொல்கிற முதல் பாடமே இதுதான்: கம்பியை உருவுவதற்கு முன்னால், உயரம் தெரிய டேப் சுற்று. முன் சீட்டுக்கு, தன்னுடையதற்கு, நீலத்தில் டேப் சுற்றியிருந்தார். அவளுடையதை மறந்துவிடவா போகிறோம் என்று சுற்றவில்லை. கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு கம்பியை மேஜையில் வைத்துவிட்டு, கையில் கருஞ்சேறு காய்கிற வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

பீனிக்ஸில் இருக்கிற மகள் ஜோடிக்குப் போன் செய்தார்.

"அம்மா கால் எவ்வளவு நீளம் இருக்கும், ஜோடி?"

"என்னப்பா கேள்வி இது? நல்லாத்தானே இருக்கீங்க?"

"சும்மாதான். ஒரு அளவு வேணும்."

"அம்மா பேன்ட் ஏதாச்சும் இருந்தா அளந்து பாருங்களேன்."

பேன்ட் எல்லாம் சர்ச்சின் பழைய துணிக் கடைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. கொண்டுபோய்க் கொடுத்தவரே லைல்தான். ஒவ்வொன்றையும் மடித்துப் பெட்டியில் அடுக்கி, மேலே 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதியும் கொடுத்தார். அப்போது பெருமையாக இருந்தது.

ஒரு படம் அகப்பட்டது. மாக்கினா தீவில், படகுத்துறை பக்கம், இருவரும் வண்டிமேல். சக்கரம் இருபத்தாறு அங்குலம், அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடலாம் என்று ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தார். பாவாடை காற்றில் பறந்து சீட்டையும் கம்பியையும் முழுசாக மூடியிருந்தது. அவள் இதற்கென்றே அன்று பாவாடை கட்டியது போல இருந்தது. லைலுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

அந்த வாரம்தான் நெல்டா வாந்தர்மேர் போன் செய்தாள். சங்கத்தில் இருபது வருடப் பழக்கம். மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள், பச்சை நிற ஆங்கிலேய சைக்கிள் ஒன்று வைத்திருந்தாள். கண்ணில் நடுப்பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. டாக்டர் கார் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார், சைக்கிளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"லைல், மே மாச சைக்கிள் ஊர்வலத்துக்கு உங்க பின் சீட் காலியா இருக்குமான்னு கேக்கலாம்னு. நம்ம சங்கத்து டுவேன்தான் கேட்டுப் பாருன்னான். சங்கடம்னா வேண்டாம்."

"வண்டி இன்னும் தயாராகல, நெல்டா."

"ஆமா, அவசரமில்ல."

"பெயின்ட் காயணும்."

பெயின்ட் காய்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. போனை வைத்த பிறகு அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆனாலும் பின் சீட்டைத் தாழ்த்த வேண்டியிருக்கும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நெல்டா குட்டை. வெர்னாவின் உயரம் தொலைந்துபோனது ஒன்று. அந்த இடத்தில் இன்னொருத்தியின் உயரத்தைக் கொண்டுவந்து முடுக்குவது வேறு.

மே முதல் சனிக்கிழமை காலை, குத்துமதிப்பாக ஓர் உயரத்தில் சீட்டை மாட்டி, வண்டியைத் தனியாகவே வெளியே எடுத்தார். ஊர்வலத்துக்குத் தனியாகப் போய்விட்டு வருவது என்று முடிவு. இரட்டைச் சைக்கிளைத் தனியே ஓட்டுவது காலிப் பேருந்தை ஓட்டுவது போலத்தான், திருப்பத்தில் பின்பக்கம் தாமதமாக வருகிறது. அவளுடைய பெடல்கள் அவர் மிதிக்கிற மிதிக்குத் தாமாகவே சுற்றிக்கொண்டிருந்தன. முன்பெல்லாம் அவள் களைத்து மிதிப்பதை நிறுத்தினால் அவர் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அவள் ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

சிக்னலில் ஒரு லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான். "என்ன பெரியவரே, பின்னாடி இருந்த ஆளை வழியில தவறவிட்டுட்டீங்களா?"

அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். இரட்டைச் சைக்கிளைக் கண்டால் யாராவது ஏதாவது கத்தாமல் இருக்க மாட்டார்கள். வெர்னா இருந்தபோது கத்துவது வேறு: "பின்னாடி இருக்கிற அம்மா மிதிக்கவே இல்லையே!" எல்லா ஊரிலும் அதே வசனம். அவளும் சளைக்காமல் அதே பதிலைச் சொல்வாள்: "மிதிக்கிறது நான்தான். இவரு சும்மா ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறாரு!" பச்சை விளக்கு விழுந்தது. லாரி போய்விட்டது. நேரே போனால் ஊர்வலம். அவர் இடது பக்கம் திரும்பி, மூன்று தெரு தாண்டி, நெல்டா வீட்டு வாசலில் போய் நின்றார்.

கதவைத் திறந்தவள் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தாள். "காது ரெண்டும் நல்லாத் தெரியுது. லைல்தானே? முகத்தைத்தான் காணோம்."

"நெல்டா, பெயின்ட் எப்பவோ காஞ்சிருச்சு."

"தெரியும். டுவேன் வந்து பார்த்துட்டுச் சொன்னான்."

அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, அவள் தடவித் தடவி ஏறி உட்கார்ந்தாள். குதிகால் பெடலுக்கு எட்டாமல் தொங்கியது.

"இது வெர்னா உயரமா?"

"தெரியல." கம்பியைப் பார்த்தார். "கோடு இருந்துச்சு. நானே தேய்ச்சு எடுத்துட்டேன். பாக்காம."

இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நெல்டா கையைக் கீழே விட்டுக் கம்பியைத் தடவிப் பார்த்தாள். தோட்டத்தில் எங்கோ ஒரு குருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"நீங்க தேய்க்காம விட்டது ஏதாச்சும் இருக்கா, லைல்?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அவர் ஸ்பேனரை எடுத்தார். திருகைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் இறக்கினார். குதிகால் எட்டவில்லை. இன்னும் கொஞ்சம். இப்போது எட்டியது. திருகை முடுக்கினார்.

ஏரிக்கரைச் சாலையில் ஊர்வலத்தின் வாலைப் பிடித்தார்கள். நெல்டாவின் மிதி வேறு மாதிரி இருந்தது. வெர்னா அலை மாதிரி ஏறி இறங்குவாள், இவள் தையல் மிஷின். லைலின் கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஆளைத் தேடி ஏமாந்தன. மேட்டில் ஏறும்போது, ஓரமாக நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்த டுவேன், வழக்கம் மாறாமல் கையை வாய்க்குக் குவித்தான்.

"யோவ் லைல்! பின்னாடி இருக்கிற அம்மா மிதிக்கவே இல்லைய்யா!"

கத்திய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகம் செத்துவிட்டது. லைல் பின்னாலிருந்து வர வேண்டிய பதிலுக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. நெல்டாவுக்கு அந்தப் பதில் தெரியாது. மூன்று சுற்று, நான்கு சுற்று.

"மிதிக்கிறது அவங்கதான்டா!" என்று லைலே கத்தினார். "நான் சும்மா ஹேண்டிலைப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குறேன்!"

நெல்டா சீராக மிதித்துக்கொண்டிருந்தாள்.

திரும்புகிற வழியில் மழை பிடித்துக்கொண்டது. நெல்டாவை வீட்டில் இறக்கிவிட்டு, நனைந்தபடி தனியாக ஓட்டி வந்து வண்டியைக் கராஜுக்குள் ஏற்றினார். ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல், வழக்கப்படி துணியை எடுத்து முன்னாலிருந்து ஆரம்பித்தார். ஹேண்டில்பார், முன் சக்கரம், தன் சீட், தன் கம்பி, செயின், ஒன்று விடாமல். பின் சீட்டுக்கு வந்தார். கம்பி சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில், கழுத்தைச் சுற்றி, தண்ணீர் மெல்லிய வளையமாகத் தேங்கி நின்றது. துரு எப்போதும் அங்கேதான் தொடங்கும், கோடும் அங்கேதான் விழும்.

துணியைக் கொண்டுபோனார். பிறகு துடைக்காமலே அதை நான்காக மடித்து மேஜையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த வளையம் சிறிது நேரம் மினுங்கிக்கொண்டிருந்தது.