சிலந்திக்குத் தண்ணி காட்டியது

ஊரில் ஆம்பிளைகள் கிளி வளர்க்கிறார்கள், மீன் வளர்க்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரமேஷ்குமார் வளர்ப்பது சிலந்தி. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், டாரன்டுலா என்று பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருக்கும். அது கொஞ்சம் ஓடியாடினால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டைச் சுற்றி வயல்தான். பாம்பு பார்த்திருக்கிறேன், தேளைச் செருப்பால் அடித்திருக்கிறேன். ஆனால் இதைக் கண்டால் கை கால் ஓடாது. கடித்தால் குளவி கொட்டின மாதிரிதான் இருக்கும் என்று அவர் சமாதானம் சொல்வார். கூடவே, மிரண்டால் பின்னங்காலால் ரோமத்தை உதறிவிடும், அது கண்ணில் பட்டால் ஆபத்து என்றும் அவரேதான் சொல்வார். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் இது எதற்கு என்று கேட்டுக் கேட்டு என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

கம்பெனி டிரெயினிங் என்று அவர் புனேக்குக் கிளம்பியபோது, அந்தப் பெட்டிப் பக்கமே நான் போகமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உடனே அவர் தன் அப்பாவிடம், அதாவது என் மாமனாரிடம், திரும்பினார். இரை நான் வந்து போட்டுக்கொள்கிறேன், நீங்கள் தினமும் தண்ணி மட்டும் காட்டிவிடுங்கள் என்றார். மாமாவுக்குப் பிறந்தது முதல் மாட்டோடுதான் வாழ்க்கை. செங்கோட்டையன் தொட்டால் முட்டுகிற மாடும் நிற்கும் என்பார்கள். அவர் தலையாட்டினார். எனக்கும் பாரம் இறங்கினது போல இருந்தது.

சித்திரை வெயில் கொளுத்தின ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. மௌனிகா பேருக்குத்தான் மௌனிகா, சிணுங்கித் தீர்த்துவிட்டாள். உள் அறைத் தொட்டிலில் போட்டு ஆட்டித் தூங்கவைத்தேன். காயப்போட்ட துணிகளை எடுக்கக் கொல்லைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், முன்னறையில் பெட்டியின் மூடி தனியாகக் கிடக்கிறது. பெட்டிக்குள் ஒன்றும் இல்லை.

துணிகளை அப்படியே போட்டுவிட்டு உள் அறைக்கு ஓடினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். தரையிலும் கட்டிலடியிலும் ஒரு பார்வை பார்த்தேன், எதுவும் இல்லை. கதவைச் சாத்தி, கீழே இருந்த இடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். இனி எது வந்தாலும் உள்ளே போகமுடியாது என்று நினைத்தபிறகுதான் மூச்சு வந்தது.

மாமா தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்தது யார் என்று கேட்டேன். அவருக்குப் பதற்றமே இல்லை.

"நாந்தான் அம்மணி. ஆளு பக்கத்துல நின்னா சில மாடு குடிக்காதுல்ல? இதுவும் அப்படித்தான் இருக்குது. அதான் தண்ணியப் பெட்டிக்கு வெளிய வெச்சு, மூடியத் தொறந்துட்டு இந்தப் பக்கம் வந்தேன்."

இத்தனை நாளும் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சின்னக் கிண்ணத்தை அதன் மூஞ்சிக்கு நேரே கொஞ்சநேரம் பிடிப்பாராம். குடிக்காவிட்டால் கிண்ணத்தை எடுத்துக் கொட்டிவிடுவாராம். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது அப்படித்தானே? தொட்டியை முன்னால் வைத்து, குடித்ததும் எடுத்துவிடுவோம். கிண்ணம் எப்போதும் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பதை என் கணவர் சொல்லவில்லை. அப்பாவுக்குப் புரிகிற பாஷையில் பேசுகிறோம் என்ற நினைப்பு அவருக்கு. அவர் மேல் வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது?

பெட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், பொடியாக உதிர்ந்தது. வெளியே வைத்த கிண்ணம் அதன் கண்ணில் படவில்லை போல, தண்ணி அப்படியே இருந்தது. இந்த வெயிலில் இத்தனை நாளாக அது ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அப்படியென்றால் தண்ணீர் இருக்கிற இடம் தேடித்தான் போயிருக்கும் என்று கணக்குப் போட்டேன். குளியலறையில் வாளியைக் கவிழ்த்தோம். சமையலறையில் குடத்தடியிலும் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள்ளும் டார்ச் அடித்தோம். இந்த வீட்டில் வேறெங்கே ஈரம் இருக்கிறது என்று மாமா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. மௌனிகாவுக்கு வெக்கை தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு துண்டை நனைத்து, தொட்டில் கம்பின்மேல் போட்டிருந்தேன். அதன் நுனி பக்கத்துக் கட்டிலைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓடிப்போய்ப் பார்த்தபோது நான் தரையைப் பார்த்தேன், கட்டிலடியைப் பார்த்தேன், துண்டைப் பார்க்கவில்லை. சிலந்தியையும் குழந்தையையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்தியது நான்தான்.

புடவையை இழுத்துவிட்டு மெல்லக் கதவைத் திறந்தேன். துண்டின் உள்பக்கத்தில், குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் மேலே, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அது ஈரத்தில் வாய் வைத்திருந்தது. மௌனிகா விழித்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் காலை உதைக்க உதைக்கத் தொட்டில் ஆடியது.

கத்த வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். மிரண்டு ரோமத்தை உதறினால் நேராக அவள் கண்ணில்தான் விழும். மாமாவைப் பெட்டியை எடுத்துவரச் சொல்லிச் சைகை காட்டினேன். இடது கையால் குழந்தையின் கண்களை மூடினேன். அவளுக்கு அது விளையாட்டாக இருந்திருக்க வேண்டும், என் விரலை நக்கினாள். வலது கையால் துண்டின் இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, தூக்கினேன். அதன் முன்னங்கால் ஒன்று என் மணிக்கட்டைத் தொட்டது. உயிர் போய்விட்டது என்றே நினைத்தேன், ஆனாலும் கையை விடவில்லை. தாகத்தில் அதற்கு வேறெதுவும் தெரியவில்லை போல, குடித்துக்கொண்டேதான் இருந்தது. துண்டோடு பெட்டிக்குள் இறக்கியதும் மாமா மூடியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

குழந்தையை வெளிச்சத்துக்குத் தூக்கிப்போய்க் கண், மூக்கு, கழுத்து மடிப்பு என்று ஒரு இடம் விடாமல் பார்த்தேன். எதுவும் இல்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, உங்க பூச்சி வெளிய வந்துருச்சுங்க. தொட்டலு மேல ஏறிருச்சு."

"ஐயோ. கீழ விழுந்துரலயே?" அவர் குரல் உடைந்திருந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை நேரம் தனியாகப் பயந்தேன், இப்போது என்னோடு சேர்ந்து பயப்பட ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியது. "இல்லீங்க, தொட்டல்லயேதான் இருந்தா. சிரிச்சுட்டு இருந்தா. கண்ணுலயும் ஒண்ணும் படலீங்க" என்றேன்.

"புள்ளையச் சொல்லல யோகா. அவ்வளவு ஒசரத்துல இருந்து அது விழுந்தா வயிறு வெடிச்சுரும்."

போனை வைத்துவிட்டேன். மாமாவுக்கும் கேட்டிருக்கும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். மௌனிகா என் தாலிக்கொடியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். எதிரே பெட்டிக்குள் அது ஈரத் துண்டின்மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு இப்போது பயம் வரவில்லை. அவர் திங்கட்கிழமை வருகிறார். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.