என்வியும் ஜெலஸியும்

எழுபத்திரண்டாம் வருஷம் ஆபீஸ் ஆண்டு விழாவின் ஆங்கிலச் சொல் போட்டியில் ஜெயலக்ஷ்மி இறுதிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். ஆனால் பக்கத்து நாற்காலியில் இருக்கவேண்டியவள் எதிர் மேஜையில் இருந்தாள்.

அவள் ரத்னாபாய். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே செக்ஷன். வலியசாலை ஜெயலக்ஷ்மியும் பாறசாலை ரத்னாபாயும் சாயங்காலம் சேர்ந்தேதான் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவார்கள். போன வருஷம் இந்தப் போட்டியில் ஜெயித்ததும் அவர்கள்தான். இந்தத் தடவை ரத்னாபாய் ஒரு வார்த்தை சொல்லாமல், திருநெல்வேலியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த மங்கலம் என்ற பெண்ணோடு பெயர் கொடுத்துவிட்டாள். நோட்டீஸ் போர்டைப் பார்த்துத்தான் ஜெயலக்ஷ்மிக்கே தெரியும். அன்றைக்கே போய், ரிட்டயராக இன்னும் இரண்டு வருஷமே இருந்த பிச்சுமணி சாரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

போட்டியின் விதி எளிது. அணிக்கு இரண்டு பேர். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் சீட்டில் இருக்கும். வித்தியாசத்தை இரண்டு நிமிஷத்தில் சொல்லவேண்டும். உதாரணம் சொந்த வாழ்க்கையிலிருந்து வரவேண்டும். அகராதியை ஒப்பித்தால் மார்க் கிடையாது.

பிச்சுமணிக்கு ஹியர், லிசன் வந்தது. காலையில் பேப்பர் படிக்கும்போது மனைவி பேசுவது என் காதில் விழுகிறது, அது ஹியர். அவள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால் பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்கிறேன், அதுதான் லிசன் என்றார். ஹால் சிரித்து அடங்க நேரமாயிற்று.

எதிர் அணியில் மங்கலத்துக்கு அலோன், லோன்லி. எழுந்தவள் கூட்டத்தைப் பார்க்காமல் சீட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். ஆனால் ஆங்கிலம் கான்வென்ட் ஆங்கிலம், வழுக்கிக்கொண்டு வந்தது. ஹாஸ்டலில் ஒரே அறையில் நான்கு பேராக இருந்தும் முதல் மாதம் முழுக்க இரவில் தலையணையை நனைத்தாளாம். அது லோன்லி. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குமுகம் கடற்கரையில் தனியாக நடக்கிறாள், அலோன்தான், ஆனால் ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு அக்கா வந்து ஒரு நாள் சாப்பாட்டைப் பங்கு வைத்ததுதான் இந்த மாற்றத்துக்குக் காரணம் என்று சொல்லி உட்கார்ந்தாள். ரத்னாபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதுவரை இரண்டு அணியும் சமம். அடுத்துப் பேசிய ரத்னாபாய் முழு மார்க் வாங்கினாள். ஜெயலக்ஷ்மி கடைசிச் சீட்டைப் பிரித்தாள். என்வி, ஜெலஸி.

தமிழில் இரண்டுக்குமே பொறாமை என்றுதான் சொல்லிப் பழக்கம். மலையாளத்திலும் அசூயை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஆனாலும் வித்தியாசம் அவளுக்குத் தெரியும். என்விக்கு இரண்டு பேர் போதும். இன்னொருத்தியிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்பது அது. ஜெலஸிக்கு மூன்றாவது ஆள் வேண்டும். என்னிடம் இருப்பதை அவள் கொண்டுபோய்விடுவாளோ என்ற பயம். பக்கத்து வீட்டு ரேடியோவை என்விக்கு உதாரணமாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

பாதியில் கண் எதிர் மேஜைக்குப் போயிற்று. ரேடியோவை விட்டுவிட்டாள்.

ஆங்கிலத்தில் அவள் சொன்னது இதுதான்: நான்கு மாதமாக ஒரு பெண்ணின் ஆங்கிலத்தின் மேல் எனக்கு என்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இங்கே நிற்கும்போது ஒன்று தோன்றுகிறது. அந்த ஆங்கிலத்தை நாளைக்கே யாராவது எனக்குக் கொடுத்துவிட்டாலும் இந்த எரிச்சல் போகாது. அப்படியானால் அது என்வி இல்லை. என் சிநேகிதியை அவள் எடுத்துக்கொண்டு போகிறாளே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மணி அடித்தது. அவள் நிறுத்தவில்லை. முகம் சிவந்து, குரல் உயர்ந்து, வருத்தத்துக்குப் பதிலாக உள்ளே ஏதோ துள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பேர் தெரியாமல் உள்ளே கிடந்த ஒன்றுக்குப் பேர் கிடைத்துவிட்டதே. போட்டியை நடத்திய ஆபீஸ் மன்றத்தின் செயலாளர் நீலகண்டன் இரண்டாவது மணியும் அடித்த பிறகுதான் உட்கார்ந்தாள். கைதட்டல் நிற்கவே இல்லை. நடுவராக வந்திருந்த பேராசிரியர் தாசையனும் கைதட்டினார். தட்டிவிட்டு, நேரத்தை மீறியதற்காக ஒரு மார்க் குறைத்தார். கோப்பை ரத்னாபாய்க்கும் மங்கலத்துக்கும் போயிற்று.

தோற்ற வருத்தத்தை ஜெயலக்ஷ்மி தனக்குள் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. பிச்சுமணியிடம் மன்னிப்புக் கேட்டாள். இப்படி ஒரு தோல்வி தன் சர்வீஸிலேயே கிடைத்ததில்லை என்றார் அவர். அதற்குள் ரத்னாபாய் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஊரு முழுக்கக் கேக்கப் பறஞ்சியே பிள்ளே, எனக்கிட்ட மட்டும் ஒரு வாக்கு பறஞ்சியா?"

"சொல்லணும்னா முதல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே. இப்போதானே தெரிஞ்சுது. நீ மட்டும் சொன்னியா?"

ரத்னாபாய் அப்போதுதான் சொன்னாள். கூட்டத்தைக் கண்டாலே மிரளுகிற பெண்ணை எப்படியாவது மேடையேற்றவேண்டும் என்று நினைத்தாளாம். ஜெயலக்ஷ்மியோடு சேர ஆபீஸில் பாதிப் பேர் காத்திருப்பார்கள், மங்கலத்தை யார் கூப்பிடுவார்கள்? சொன்னால் ஜெயலக்ஷ்மி முகம் வாடுமே என்று நாளைத் தள்ளிப்போட்டாள். அதற்குள் நோட்டீஸ் முந்திக்கொண்டது.

மங்கலம் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சற்றுத் தள்ளியே நின்றிருந்தாள். ஜெயலக்ஷ்மி வா என்று தலையசைத்ததும் கிட்டே வந்தாள்.

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம் சிரிச்சிக்கிட்டே போவீங்கல்லா, நான் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டே நிப்பேன். எனக்கு அப்போ வந்தது என்விதானே?"

ஜெயலக்ஷ்மி நடுவர் மாதிரி யோசித்தாள். "எங்க சிரிப்பைப் பிடுங்கிக்கணும்னு தோணித்தா, உனக்கும் ஒண்ணு வேணும்னு தோணித்தா?"

"எனக்கும் ஒண்ணு வேணும்னுதான்."

"அப்போ என்விதான். சந்தேகமே இல்லை."

மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் அணிக்கு மூன்று பேர் என்று விதியை மாற்றவேண்டும் என்று ரத்னாபாய் கிளப்பிவிட்டாள். அப்போதே சொல்லியாகவேண்டும் என்று மங்கலம் முன்னால் நடந்தாள். மேஜை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த நீலகண்டன், மூன்று பேர் மூச்சு வாங்க வந்து நிற்பதைப் பார்த்து மணியைக் கையில் எடுத்துக்கொண்டார். பின்னாலேயே பிச்சுமணியும் வந்து, நான்கு என்று வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்.