மூன்றாவது உயிர்

தர்ஸாவின் உயில் வாசிக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அவளுடைய வீடு மூச்சுவிடத் தொடங்கியது. நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு. பண்ணைக் காரியஸ்தர் ஹென்னிங் சட்டைப்பைக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிய கணக்கு, அதனால் தப்பிருக்காது. வைக்கோல் கூரை ஒரு கையகலம் எழும்பித் தணிந்தது. சுவர்கள் லேசாக உப்பி வாங்கின. வக்கீல் கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். அந்த வருஷம் டார்செட் பக்கம் ஈரம் ஜாஸ்தி, மரம் உப்பத்தான் செய்யும் என்று சாவுக்கு வந்தவர்கள் பன்றித்தொடையைக் கடித்துக்கொண்டே பேசிக்கொண்டார்கள். அது தர்ஸா வளர்த்த கெசியாவின் மூச்சு என்று முதலில் கண்டுபிடித்தவள் உறவுக்காரி மெர்ஸி. மூலையில் நின்றிருந்த கெசியா தும்மியபோது, அடுப்பும் தும்மி, சாம்பல் முழுக்க மெர்ஸியின் புதுத் துக்க உடையில் வந்து விழுந்தது.

இங்கிலாந்தின் அந்தக் கோடியில், ஹேசல்காம்ப் ஊரில் பாதி வீடுகள் மூன்று உயிருக்கு எழுதி வாங்கியவை. மண் பண்ணையாருக்கு, வீடு, பத்திரத்தில் பேர் எழுதிய மூன்று பேரில் ஒருவருக்காவது மூச்சிருக்கும்வரை குடியிருப்பவருக்கு. கடைசி ஆள் போனால் மறுநாள் காலையில் வீடு பண்ணைக்குப் போய்விடும். பேர் எழுதப்பட்டவரே சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்றில்லை. ஆகவே பத்திரம் எழுதுகிற வாரத்தில் ஊரில் உள்ள கொழுத்த குழந்தைகளுக்கெல்லாம் ஏகப்பட்ட மரியாதை. தர்ஸாவின் புருஷன் முதல் உயிர்; சைடர் என்கிற ஆப்பிள் கள்ளுப் பீப்பாய்க்குள் பாதியைக் கரைத்துவிட்டு மீதியோடு போய்ச் சேர்ந்தான். மகன் இரண்டாவது, கிரிமியா யுத்தத்தில் குண்டு படாமல் காய்ச்சலில் செத்தான். மூன்றாவது, தாயில்லாமல் வந்து சேர்ந்த தங்கை மகள் கெசியா. இரண்டு வயதில் வாய் நிறையப் பல் இருந்ததைப் பார்த்து எழுதினார்கள்.

பெரியம்மா அவளைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வளர்த்தாள். ஆற்றுக்குப் போகக்கூடாது, கிணற்றை எட்டிப் பார்க்கக்கூடாது, ஏணியில் கால் வைக்கக்கூடாது, மே மாதம் முடியும்வரை கம்பளி உள்சட்டையைக் கழற்றக்கூடாது. பாசம் என்றுதான் ஊர் நினைத்தது. அந்தப் பத்திரத்தில் மிச்சமிருப்பது யார் உயிர் என்று ஊருக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர் ஹென்னிங் ஒருவர்தான். அவர் கிறிஸ்துமஸ் தவறாமல் கெசியாவுக்குப் பனிச்சறுக்குச் செருப்பு அனுப்புவார். ஒரு வருஷம், கடிக்கிற மட்டக்குதிரை ஒன்றை அனுப்பிவைத்தார்.

உயில்படி வீடு, புருஷனின் அண்ணன் மகன் ஜேபஸுக்கு. செப்புப் பானைக்கும் பன்றிக்கும் நடுவில் ஒரு வரி வந்தது: கெசியா அந்த வீட்டிலேயே இருக்கவேண்டியது, அவளை ஜேபஸ் நல்ல நிலையில் வைத்துப் பராமரிக்கவேண்டியது. கெசியாவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது.

"எனக்கு?" என்று கேட்டாள்.

"உனக்கென்ன குறைச்சல்? ராணி மாதிரி இரு," என்றான் ஜேபஸ்.

ஜேபஸ், அவன் பெண்டாட்டி மெர்ஸி, நாலு பிள்ளைகள், வளர்ப்பு வாத்துகள் எல்லாம் அந்த வாரமே வந்து இறங்கினார்கள். ராணிக்கு வேளை தவறாமல் எலும்புச் சாறு கொடுக்கப்பட்டது. வாசல் கதவின் சாவி மெர்ஸியின் இடுப்புக்குப் போனது.

கஷ்டம் என்னவென்றால், மூச்சோடு நிற்கவில்லை அந்த வீடு. கூரை மேய வந்த ஆமோஸ் ஏணியை ஜன்னலோரம் சாத்திய அன்று அடுக்களை அலமாரியில் இருந்த பதினெட்டுத் தட்டுகளும் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுத்தன. ஆமோஸ் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனதும் நின்றன. திரும்பி வந்ததும் மறுபடி. வெளிச்சுவர் இளஞ்சிவப்பானதைத் தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மற்ற ஊர்களில் ஒரு பெண்ணின் மனசைத் தெரிந்துகொள்ள ஆறுமாசம் அலைய வேண்டும். ஹேசல்காம்பில் ரொட்டி வாங்கப் போகிற வழியில் தெரிந்துபோனது.

"ஏண்டி கெசியா, உன் மாப்பிள்ளை வந்திருக்கானா, இல்ல பூகம்பமா?" என்று மெர்ஸி தட்டுகளைக் கையால் அணைத்துப் பிடித்தாள். "மெதுவா ஆசைப்படுடி. இது எங்க மாமியார் வீட்டுச் சீனாப் பீங்கான்."

ஆமோஸ் கனடாவுக்குப் போகப்போகிறான், கப்பலில் இரண்டு பேருக்கு இடம் கேட்டிருக்கிறான் என்று தெரிந்த மறுநாள், கெசியா வாசல் திறந்திருந்த நேரம் பார்த்து ஓடினாள். மேட்டுக்கு ஏறி, ஆட்டுப்பட்டி வேலி தாண்டும் படிவரை ஒரே ஓட்டம். பின்னால் வீடு இரைக்க ஆரம்பித்தது. கூரை படபடவென்று அடித்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது, ஒரு உத்திரத்தின் முனை பிய்ந்து தொட்டிலில் விழுந்தது. கடைக்குட்டி அப்போது வாத்துகளோடு வெளியே இருந்ததால் பிழைத்தது. ஜேபஸ் அந்த உத்திரத் துண்டைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கே வந்தான்.

"பாத்தியா தங்கச்சி? நீ படி தாண்டினா என் பிள்ளைங்க தலையில வீடு விழும். போறியா? போ. நான் தடுக்கல."

அவள் திரும்பி வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க வெளிவாசல் பக்கமே போகவில்லை. பிள்ளைகள் தூங்கும்போது மேலே உள்ள உத்திரத்தைப் பார்த்தபடி, ஆழமாக மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். வீடும் மேலோட்டமாக மூச்சுவிட்டது. அடுப்பு சரியாக எரியாமல் புகைந்தது. சாற்றில் உப்புப் போதவில்லை போலிருக்கிறது என்று மெர்ஸி உப்பைக் கூட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு கோழி கூண்டைவிட்டு ஓடியது. கெசியா அதை முற்றத்தில் நாலு சுற்றுத் துரத்திப் பிடித்தாள். உள்ளே வந்து பார்த்தால் தரையெல்லாம் சுண்ணாம்பு, அன்றைக்கு உதிர்ந்த அதே அளவு. கோழியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் நின்றாள். அவள் போனதற்காக வீடு இரைக்கவில்லை. அவள் ஓடியதற்காக இரைத்தது. இத்தனை பேருக்கும், அவளுக்கும் சேர்த்து, இது அதுவரை தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவள் நெஞ்சை அடக்கப் பழகினாள். மார்ச்சில் ஆமோஸ் ஒழுகல் பார்க்க வந்தபோது பதினாலு தட்டுதான் ஆடியது, ஏப்ரலில் ஆறு. மே மாதம் அவன் ஜன்னலுக்கு நேரே தலைகீழாகத் தொங்கிக்கொண்டு சிரித்தபோது ஒன்றுகூட அசையவில்லை.

"என்ன கெசியா, தட்டுச் சத்தத்தையே காணோம்? எம்மேல இருந்த ஆசை வடிஞ்சு போச்சா?"

"வைக்கோலைப் பாத்து மேயி. விழுந்து தொலைக்காத," என்றாள் கெசியா. பின்னால் மெர்ஸி நின்றிருந்தாள். ஆமோஸ் அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான். கூரையில் அந்தப் பக்கம் இன்றைக்கும் கோணல்தான். பின்னொரு நாள், ஏணியை மட்டும் திங்கட்கிழமை முடியும்வரை பின்சுவரிலேயே விட்டுவைக்கச் சொல்லி அவள் கேட்டபோதுதான் அவனுக்கு விளங்கியது.

பெந்தெகொஸ்தே பண்டிகைத் திங்களன்று ஊர் உதவிச் சங்கத்து ஊர்வலம். ஜேபஸ் கொடி தூக்கினான், பிள்ளைகள் வாத்தியக் கோஷ்டி பின்னால் போனார்கள். கால் வீங்கியிருந்த மெர்ஸி மட்டும் வீட்டில், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். தலைவலி என்று மாடிக்குப் போன கெசியா, ஆயுசில் முதல் ஏணியில், படிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் இறங்கினாள். ரயிலடிவரை ஒன்பது மைல். மாடு மேய்க்கிறவள் நடை. ஆமோஸ் பக்கத்தில் வந்தான். அவன் கையை அவள் பிடிக்கவில்லை, பிடித்தால் தட்டு ஆடும். சுவர் சீராக ஏறி இறங்கியது, பாவம் அசந்து தூங்குகிறாள் என்று மெர்ஸி கிழங்கை உரித்தாள். சாயங்காலம் ஒரே ஒரு கரண்டி இடம் நகர்ந்தது. அந்நேரம்தான் அங்கே ரயில் ஊதியது. மெர்ஸி பூனையைத் திட்டினாள்.

அப்புறம் மூன்று நாள் அவளை வீட்டுக்குள்ளேயே தேடினார்கள். வீடு மூச்சுவிடுகிறது, அப்படியென்றால் ஆள் உள்ளேதானே இருக்கவேண்டும்? பலகைத் தரையைப் பெயர்த்தார்கள், ரொட்டி அடுப்புக்குள் கடைக்குட்டியை விட்டுப் பார்த்தார்கள், புகைக்கூண்டுக்குள் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாலாம் நாள் வீடு இப்படியும் அப்படியும் சாய ஆரம்பித்தது. வாளித் தண்ணீர் தளும்பியது, குமட்டல் சத்தத்தோடு அடுப்பு கரியைக் கக்கியது. பக்கத்து வீட்டுப் பழைய கப்பல்காரர் ஜோனா ஹாலட் வந்து தரையில் இரண்டு காலையும் அகட்டி நின்று பார்த்தார்.

"அட்லாண்டிக்," என்றார். "மேக்காத்து. புள்ளைக்குக் கடல் ஒத்துக்கல."

முப்பத்திரண்டு நாள் ஆடியது. ஜேபஸ் குடும்பத்தில் ஒருவருக்கும் சாப்பாடு தங்கவில்லை. பிறகு ஆட்டம் நின்றது, ஒரேயடியாக நின்றது. கடல் தாண்டிப் போன ஆள் ஏழு வருஷம் உயிரோடிருக்கிற அத்தாட்சி தராவிட்டால் செத்ததாகக் கணக்கு என்பது சட்டம். ஜேபஸ் கடிதமாக எழுதித் தள்ளினான். நெஞ்சில் கம்பளி சுற்றிக்கொள், ஏணியில் ஏறாதே என்று. பதில் இல்லை. வீடு மூச்சுவிட்டது, அவ்வளவுதான். இரண்டு தடவை, ஒரு பகல் முழுக்கச் சுவர்கள் இறுகி இறுகித் தளர்ந்தன. அப்போதும் தட்டுகள் அசையவில்லை. "பிரசவத்துக்குக்கூட வாயைத் திறக்கல பாரு, அழுத்தக்காரி," என்றாள் மெர்ஸி. இன்னொரு நாள், யாரும் கேட்காமலே, "அடக்கியே பழகிட்டா அவ. இனிமே சிரிப்போ அழுகையோ அவளே நினைச்சாலும் வராது," என்றாள். அன்று முழுக்க யாரோடும் சண்டை போடவில்லை.

ஏழு வருஷம் முடிந்த வியாழக்கிழமை ஹென்னிங் இரண்டு சாட்சிகளோடும், கெசியா செத்ததாக எழுதிக்கொள்ள ஒரு காகிதத்தோடும் வந்தார். ஜேபஸ் அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தான்.

"காத்தா இருக்கலாம்," என்றார் ஹென்னிங். "மரம் உப்பும், சுருங்கும். இதுல கெசியாங்கிற ஆள் எங்கய்யா இருக்கு?"

ஜேபஸ் அவர் கையை விட்டான். பிள்ளைகள் மூட்டை கட்ட எழுந்தார்கள். அப்போது அலமாரியில் ஒரு தட்டு டிங்கென்றது. பின்னாலேயே இன்னொன்று. தரையின் அடியிலிருந்து ஏதோ குலுங்கிக்கொண்டு மேலே வந்தது. ஜன்னல்கள் தடதடத்தன, கதவு தானாகத் திறந்து அடித்துக்கொண்டது, கூரை எகிறி எகிறி விழுந்தது, வாத்துகள் தெருவுக்கு ஓடின. ஊரில் மாவு பிசைந்துகொண்டிருந்தவர்களெல்லாம் கையைத் துடைக்காமல் ஓடிவந்து வேலிப் பக்கம் நின்றார்கள். கனடாவில் ஆமோஸ் என்ன சொன்னானோ, எதிலிருந்து விழுந்தானோ, யாருக்குத் தெரியும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சிரிக்கிற சிரிப்பு அது; காற்று என்று யாரும் சொல்ல முடியாது. கால் மணி நேரம் நிற்கவில்லை. மெர்ஸி தட்டுகளைப் பிடிக்கப் போகவே இல்லை. ஒவ்வொன்றாக விழுந்து உடைவதைப் பார்த்துக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியால் மூக்கைத் துடைத்தபடி நின்றாள்.

ஹென்னிங் தொப்பியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, காகிதத்தை மேஜையில் விரித்து, உயிருடன் இருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு இன்னும் விக்கிக்கொண்டிருந்ததால் எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.