ரொடீசியாவை ஒட்டிய பசை

வருகை: திரு. ஜெயசிங், எம்.ஏ., தலைவர். திரு. ஞானரத்தினம், பி.காம்., செயலர். திரு. சங்கரபாண்டியன், பி.ஏ., உறுப்பினர். நாள் 10.2.1980, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. இடம், நூல்கடை மாடி, சங்கரன்கோவில்.

கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கிற குழுவின் பதிவேட்டில் இவ்வளவுதான் எழுதியிருந்தது. நாலாவதாக வெள்ளத்துரையும் அறையில் இருந்தான். பூட்டைத் திறந்தவன் அவன். பாயை விரித்து, மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தவனும் அவன்தான். கீழே இருக்கும் நூல்கடை அவனுடைய மாமாவுடையது, சாவி அவன் அரைஞாணில் கிடந்தது. ஆனால் பட்டம் இல்லாதவன் பெயர் பதிவேட்டில் ஏறக் கூடாது என்பது தலைவர் போட்ட விதி. வெள்ளத்துரை பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டு வந்தவன். இப்போது இரவு ஷிப்ட்டில் விசைத்தறி ஓட்டுகிறான். ஆகவே அவன் அங்கே இல்லை.

ஜெயசிங் மிஷன் பள்ளியில் வரலாறு வாத்தியார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கலெக்டர் பரீட்சை எழுதி தில்லியில் இன்டர்வியூ வரை போய்த் திரும்பியவர். அங்கே தன்னைக் கவிழ்த்த கேள்வியை ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதன் பதிலை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. எழுதும் வயது தாண்டிப் போனதும் மற்றவர்களைத் தயார் பண்ண இறங்கிவிட்டார். சுற்று வட்டாரத்தில் தில்லியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் சொன்னது சட்டமாயிற்று.

அந்த அறையின் நடைமுறை இப்படி. காலை ஏழு மணிக்கு வெள்ளத்துரை தறியை விட்டு இறங்குவான். தலையெல்லாம் பஞ்சோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை பஸ்ஸில் வரும் ஆங்கிலப் பேப்பரை வாங்கி வருவான். ஜெயசிங் பள்ளிக்குப் போகும் வழியில் மாடியேறி, நின்றபடியே பேப்பரைப் புரட்டி, கேள்வி வரக்கூடிய செய்திகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். வெள்ளத்துரை அவற்றை வெட்டி, மைதாப் பசை தடவி, அணைகள், ஆப்பிரிக்கா, கல்வி என்று தனித்தனி நோட்டுகளில் ஒட்டுவான். மிச்சப் பேப்பர் கீழே நூல்கண்டு பொதியப் போய்விடும். உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து நோட்டை மனப்பாடம் பண்ண வேண்டும். பேப்பரைத் தொடக் கூடாது. முழுப் பேப்பரையும் படிக்கிறவனுக்கு மூளை சிதறிப்போகும் என்று ஜெயசிங் சொல்லியிருந்தார்.

மத்திய மந்திரிகள் நோட்டை மட்டும் ஆறு மாசத்துக்குள் இரண்டு தடவை கிழித்து மூன்றாம் தடவை எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் ஆட்சி கவிழ்ந்ததைவிட நோட்டு வீணாய்ப் போனதற்குத்தான் அந்த அறையில் துக்கம் அனுசரித்தார்கள். வெள்ளத்துரைக்கு இதில் ஒரு சுகம் இருந்தது. ராத்திரி முழுக்கத் தறிச் சத்தத்தில் காது அடைத்துப் போனவனுக்கு, தன்னைவிட அதிகம் படித்த முட்டாள்களைப் பகலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கிடைத்தது. இல்லாவிட்டால் கூலியில்லாத இந்தப் பசை வேலையை அவன் ஏன் செய்யப் போகிறான்?

ஞானரத்தினத்துக்கு இருபத்திரண்டு வயது. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர் வேலை, ஜெயசிங் இருமினால் தண்ணீர் மொண்டு கொடுக்கும் வேலை, இரண்டையும் பார்த்தான். சங்கரபாண்டியன் கதை வேறு. பனவடலிசத்திரத்தில் மழையை நம்பிய ஐந்து ஏக்கர் பருத்திக்காடு. ஒரே மகன். வருகிற ஆகஸ்டில் வயது வரம்பு முடிகிறது. இந்த ஒரு வருஷம் போனால் அப்புறம் பரீட்சை நடத்துகிற தில்லிக் கமிஷன்காரன் அவன் விண்ணப்பத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டான்.

இத்தனைக்கும் அவன் இதுவரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. மூன்று தடவைதான் எழுத விடுவான், அரைவேக்காட்டில் போய் ஒன்றை வீணாக்காதே என்று இரண்டு வருஷமாக ஜெயசிங் நிறுத்தி வைத்திருந்தார். இந்த வருஷம் எழுதலாம் என்று உத்தரவு கொடுத்திருந்தார். விண்ணப்பத்தைப் பற்றி அவன் கேட்டபோதெல்லாம், நோட்டீஸ் கோடையில்தான் வரும், அது என் பொறுப்பு, நீ படி என்றார். அவனும் படித்தான். அவன் அப்பா, தேர்வு எழுதிவிட்டு வந்தால் முடிவு தெரிகிறவரை காத்திருப்பதாகவும், எழுதாமல் வந்தால் ஆடியில் அவன்தான் ஏர் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு மாதிரித் தேர்வு. ஜெயசிங் கேள்வி கேட்க, மற்ற இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும். அணைகள் முடிந்து ஆப்பிரிக்கா வந்தது. தெற்கு ரொடீசியா ஒப்பந்தம் லண்டனில் எந்த மாளிகையில், எந்தத் தேதியில் கையெழுத்தானது என்று கேட்டார். சங்கரபாண்டியன் லங்காஸ்டர் மாளிகை, டிசம்பர் இருபத்தொன்று என்றான். ஜெயசிங் இருபது என்றார். ஞானரத்தினமும் இருபதுக்கே வந்து சேர்ந்தான்.

சாதாரணமாக சங்கரபாண்டியன் விட்டுக்கொடுத்துவிடுவான். அன்றைக்கு ஏனோ விடவில்லை. மனப்பாடம் ஒன்றுதான் அவனிடம் இருந்த சொத்து.

"நோட்டைப் பாத்துருவோம் சார்வாள்," என்றான்.

வெள்ளத்துரை ஆப்பிரிக்கா நோட்டை எடுத்தான். அதைத் தூக்கும்போதே கரப்பான் நாற்றம் அடித்தது. பசையில் அவன் எப்போதும் மயில்துத்தம் கலப்பான், பூச்சி அண்டாது. பக்கமெல்லாம் நீலம் பாய்கிறது என்று கார்த்திகை மாசத்தில் ஜெயசிங் அதை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு மாசத்தில் கரப்பான்கள் ஆப்பிரிக்கா முழுவதையும் நக்கித் தீர்த்திருந்தன. நோட்டை விரித்ததும் ரொடீசியா தனியே கழன்று, பாயில் குப்புற விழுந்தது.

சங்கரபாண்டியன் குனிந்து எடுத்தான். தேதியைத்தான் பார்க்கப் போனான். அதன் பின்பக்கத்தில் கலெக்டர் பரீட்சைக்கான விளம்பரம் கட்டம் கட்டி இருந்தது. அவன் உதடு மெதுவாக அசைந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, வயது வரம்பு, கட்டணம், விண்ணப்பத் தாளுக்கு எழுத வேண்டிய விலாசம் எல்லாவற்றையும் படித்தான். கடைசி நாளுக்கு வந்ததும் நின்றான்.

"சார்வாள், இன்னைக்கு என்ன தேதி?"

பதிவேட்டில் எழுதியிருந்தது. ஆனாலும் ஞானரத்தினம் வாய்விட்டு, "பத்து," என்றான்.

கடைசி நாள் போய்ப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது.

ஜெயசிங் தாளை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு, தில்லிக்காரன் இப்படி முன்கூட்டியே நோட்டீஸ் விட்டது முறையில்லை என்றார். தன் காலத்தில் இப்படியெல்லாம் நடந்ததே இல்லை என்றார். பரீட்சை முறையையே மாற்றியிருக்கிறான் போல என்று, அந்தத் தாளை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

ஞானரத்தினம் நல்ல பிள்ளை. உதவி பண்ண வந்தான்.

"போன வருஷமே மாத்திட்டான் சார்வாள். நம்ம கல்வி நோட்டுல முப்பத்தோராம் பக்கம் இருக்கு."

இருந்தது. சங்கரபாண்டியனுக்கு அது மனப்பாடம். முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு என இரண்டு கட்டம், எந்தக் குழு சிபாரிசு பண்ணியது, எந்த வருஷம் அமலுக்கு வந்தது என்று மூன்று வாரத்துக்கு முன்னால்தான் ஒரு மூச்சில் ஒப்பித்தான். ஜெயசிங் பத்துக்குப் பத்து போட்டார். அது தாங்கள் எழுதப் போகும் பரீட்சை என்றோ, கட்டம் ஒன்று கூடினால் தேதி முன்னால் நகரும் என்றோ மூன்று பேரில் ஒருவருக்கும் படவில்லை. நோட்டில் ஒட்டியது எல்லாமே அவர்களுக்குக் கேள்விதான். உலகத்தில் நடப்பது எதுவும் அந்த மாடிப்படி ஏறி வராது என்று நம்பினார்கள்.

ஜெயசிங்குக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. வெள்ளத்துரை பக்கம் திரும்பினார்.

"ஒட்டுறதுக்கு முந்தி பின்பக்கத்தைப் பாக்கணும்னு தெரியாதாவே உமக்கு?"

"பாத்தேன்," என்றான் வெள்ளத்துரை. "பாத்து ஒங்ககிட்ட சொன்னேன். பின்னால கமிஷன் விளம்பரம் இருக்கு சார்வாள்ன்னேன். விளம்பரத்துல கேள்வி வராது, ஒட்டுன்னீங்க."

நடந்தது அதுதான். பள்ளிக்கூடத்து முதல் மணி அடிக்கப் போகிற அவசரத்தில் ஜெயசிங் தலையை நிமிர்த்தவே இல்லை. வெள்ளத்துரையும் மறுபடி சொல்லவில்லை. பசையைத் தடவி, நாலு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தினான். அழுத்தும்போது சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு இப்போது ஞாபகம் வந்தது.

அப்படி ஒருத்தன் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றார் ஜெயசிங். சங்கரபாண்டியன் அவரைப் பார்க்கவில்லை. பாயில் உட்கார்ந்தபடியே வெள்ளத்துரையைப் பார்த்தான்.

"நீ வாசிச்சியால?"

"வாசிச்சேன்."

"அதுக்கப்புறம் ஏழு ஞாயித்துக்கிழமை ஒன் பக்கத்துலதான உக்காந்திருந்தேன்."

"நீங்கள்லாம் டிகிரி படிச்சவுக. எப்படியும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"பொய் சொல்லாதல," என்றான் சங்கரபாண்டியன். குரலை உயர்த்தவில்லை. "தெரியாதுன்னு ஒனக்குத் தெரியும். பாத்துக்கிட்டு இருந்திருக்க."

வெள்ளத்துரை ஆப்பிரிக்கா நோட்டை மூடினான். முட்டாள்கள் விழுவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தான். விழுந்தவனுக்கு அடிபடும் என்பதை அவனும் யோசிக்கவில்லை. அந்த வகையில் அவனையும் பதிவேட்டில் சேர்த்திருக்கலாம்.

சங்கரபாண்டியன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டினான். ரொடீசியாவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். நாலரை மணிக்கு பஸ் இருக்கிறது என்றான். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு தெருச் சத்தம்தான் கேட்டது.

ஞானரத்தினத்துக்கு முகத்தில் துக்கம் நிற்கவில்லை. அவனுக்கு இன்னும் ஆறு வருஷம் பாக்கி. அடுத்த வருஷம் விளம்பரத்தையும் வட்டமிட்டுவிடலாம் சார்வாள் என்றான். நல்ல யோசனை என்றார் ஜெயசிங். அதற்குத் தனி நோட்டு போடச் சொன்னார். பிறகு பதிவேட்டைத் திறந்து குறிப்பு எழுதச் சொல்லிக் கொடுத்தார். ஞானரத்தினம் எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்தான்: "மேற்படி விளம்பரம் உறுப்பினர் எவர் கவனத்துக்கும் கொண்டுவரப்படவில்லை. உறுப்பினர் திரு. சங்கரபாண்டியன் சொந்தக் காரணங்களால் விலகினார்."

பொய் என்று சொல்ல முடியாது. பார்த்தவன் உறுப்பினர் இல்லை. அவன் அங்கேயே இல்லை.

ஜெயசிங் கேள்வித் தாளை எடுத்தார். ஆப்பிரிக்காவில் இன்னும் நாலு கேள்வி மிச்சம் இருந்தது.

"எந்திரிங்க," என்றான் வெள்ளத்துரை.

கூட்டம் முடியவில்லையே என்றார் ஜெயசிங்.

"முடிஞ்சுட்டு. ரூமைப் பூட்டணும்."

மாமாவிடம் சொல்லப் போவதாக ஜெயசிங் சொன்னார். தாராளமாகச் சொல்லுங்கள் என்றான். தறிக்காரனுக்குப் பெரிய மனிதர்களிடம் பேசத் தெரியாது என்றார். அதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டே பாயின் ஒரு முனையைச் சுருட்ட ஆரம்பித்தான். ஞானரத்தினம் பாயை விட்டு இறங்கினான். பாய் தன் காலடிக்கு வந்ததும் ஜெயசிங்கும் எழுந்தார். எம்.ஏ. படித்தவர் சுருட்டுகிற பாயில் எவ்வளவு நேரம் உட்கார முடியும்?

நடையில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

"பதிவேடு உள்ள இருக்குவே."

"இருக்கட்டும்," என்றான் வெள்ளத்துரை. "கரப்பானுக்கு ஆப்பிரிக்கா தீந்துபோச்சு."

அவர் நின்றார். படியின் தலைப்பில் நின்றபடி, ஒரு வார்த்தை கிடைக்குமா என்று தேடுகிறவர் போல வாயைத் திறந்து மூடினார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் தில்லியிலும் இப்படித்தான் நின்றிருப்பார். பிறகு ஞானரத்தினத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். வெள்ளத்துரை வெளியே வந்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியை மாட்டிப் பூட்டினான்.