தெரியாததைக் கேள்

மலேசியாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளி ஒன்றில் இருபது வருஷம் தொண்டை கிழியப் பாடம் நடத்தியவள் லோகேஸ்வரி. அட்டையைத் தூக்கி "இது என்ன?" என்றால் பிள்ளைகளின் பதில் ரப்பர் பால் கொட்டகை வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவளிடம்தான் மினாவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மினா, தோட்டத்தை ஒட்டிய காட்டோரக் கம்போங் கிராமத்தில் வாழும் தெமுவான் பூர்வகுடிப் பெண். தமிழர்களோடு பாலுக்கு ரப்பர் மரம் சீவித் தமிழ் பழகியவள். தெமுவான் பிள்ளைகள் வீட்டிலேயே மலாய் பேசத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்த மினாவுக்கு ஆசை. ஆறு வாரப் பயிற்சி முடிந்து லோகேஸ்வரி கையெழுத்துப் போட்டால் வகுப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை.

கடைசி நாளன்று மாதிரி வகுப்பு. மினா கரும்பலகைப் பக்கமே போகவில்லை. ஒன்பது தெமுவான் பிள்ளைகளோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து, பெத்தாய்க் காயை உரித்தபடி தன் மொழியில் மெல்லப் பேசிக்கொண்டே இருந்தாள். பனி இறங்கியது. இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒரு வார்த்தைகூடப் புரியாமலே லோகேஸ்வரிக்குக் கண் சொக்கியது, தொட்டிலில் கிடப்பது போல.

சட்டென்று மடியிலிருந்த படிவம் நினைவுக்கு வந்தது. 'ஆசிரியர் எத்தனை கேள்வி கேட்டார்?' ஒன்றுகூட இல்லையே! எழுந்து போய் ஒரு பெத்தாயைத் தூக்கிக் காட்டி, இது என்ன, சத்தமாகச் சொல் என்று மலாயில் அதட்டினாள். ஒன்பது வாயும் மூடிக்கொண்டன.

"உங்களுக்குத் தெரிஞ்சத ஏன் டீச்சர் கேக்கிறீங்க? தெரியாதத கேளுங்க லா. எங்க பிள்ளைங்க அதுக்குத்தான் வாய தொறக்கும்" என்றாள் மினா.

எனக்கே பாடம் எடுக்கிறாளா என்று லோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. அப்போது உச்சிக் கிளையில் ஒரு பறவை நீளமாகக் கூவியது. அது என்ன பறவை என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

ஒரு சிறுமி தெமுவானில் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி மறுத்தாள். ஒருவன் அதைப் போலவே கூவிக் காட்டினான். ஒன்பது பேரும் தங்கள் மொழியிலேயே சண்டை போட்டார்கள். மினா சிரித்துக்கொண்டே நடுவில் புகுந்தாள்.

கேள்விக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு, அதற்குக் கீழேயே கையெழுத்தும் போட்டாள் லோகேஸ்வரி.

முதலில் பெயர் சொன்ன சிறுமி அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "உங்க மொழியில அந்தப் பறவைக்கு என்ன பேரு?" என்று மலாயில் கேட்டாள்.

லோகேஸ்வரி பிறந்தது இதே தோட்டத்தில். நாற்பத்தெட்டு வருஷமாக அந்தப் பறவையின் குரலைக் கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் முன்னால் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"தெரியலம்மா."