யாரையும் எழுப்பாதீர்கள்

குளிர் வந்ததும் டெய்லரம்மா எங்கள் யோகா வகுப்பைப் பிரித்துத் தைத்துவிட்டார். தைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி அளவு பார்த்துச் செய்தார். கீழே அவருடைய கடை, மேலே துணி வெட்டும் அறை. சாயங்காலம் வெட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினால் அதுதான் வகுப்பு. வெயில் காலத்தில் நின்றும் குனிந்தும் என்னென்னவோ செய்வோம். இப்போது நிற்கிற ஆசனமெல்லாம் போயிற்று. காலுறையோடு உட்கார்ந்து கழுத்தை மெல்லத் திருப்புவது, போர்வை மேல் மண்டி போட்டுப் பூனை மாதிரி முதுகை வளைப்பது, சுவரில் காலைச் சாய்ப்பது, அவ்வளவுதான். அப்புறம் சவாசனம். முன்பெல்லாம் அது கடைசியில் ஒரு துளி. குளிருக்கு அதுவே பாதி வகுப்பு ஆயிற்று.

"அந்தப் பேர மாத்துங்கம்மா. நம்ம வயசுக்கு சவம், கிவம்னு காதுல விழுந்தா நல்லாவா இருக்கு?" என்றார் டிரைவர் தம்பி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர்.

"சரி, ஓய்வுன்னே சொல்றேன். ஆனா ஒண்ணு. ஓய்வுல இருக்கிறவங்கள யாரும் எழுப்பக் கூடாது. குளிர்ல உடம்பு கேக்குறத குடுத்துடணும். போதும்னா அதுவே எழுந்துக்கும்."

"இத அப்படியே என் பொண்டாட்டிகிட்ட வந்து சொல்லுங்க, புண்ணியமாப் போகும்."

என் முட்டி மடங்காது. கீழே உட்கார்ந்தால் தூக்க நாலு ஆள் வேண்டும். அதனால் எனக்கு மட்டும் கதவுப் பக்கம் ஒரு நாற்காலி. கதவடி இடுக்கில் வருகிற காற்று கணுக்காலைப் பிடுங்கும். "வாட்ச்மேன் அக்கா, டியூட்டிக்கு வந்தாச்சா?" என்பார் டிரைவர் தம்பி.

நான் போனது எனக்காக இல்லை, தங்கைக்காக. மழைக்காலத்தில் அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். அன்றோடு தூக்கம் போயிற்று அவளுக்கு. டாக்டர் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. படுத்தால் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பாள். கையிலிருந்த வளையல் முழங்கை வரை ஏறியது, அப்படி இளைத்தாள். ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இப்படியே போனா ரொம்ப நாள் தாங்க மாட்டேன்க்கா," என்றாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னாள். அந்த வாரமே இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே தூங்கினாள். நம்பவே முடியவில்லை. மூலையில் ஒரு கேஸ் ஹீட்டர், அதன் பக்கத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்து, பச்சைப் பிள்ளை மாதிரி. நான் நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

குளிர் ஏற ஏற டெய்லரம்மா அறையையும் மாற்றினார். வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டுகள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைச் சுருட்டி ஜன்னல் இடுக்கிலெல்லாம் கத்தரி முனையால் குத்தி அடைத்தார். சுவர் உச்சியில் காற்றுப் போக ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு அளவெடுத்து ஒரு தலையணையே தைத்துச் செருகினார். அளவு மயிரிழை பிசகவில்லை, அவர் கை அப்படி.

அதற்கப்புறம் எல்லாருக்கும் ஓய்வு நன்றாகக் கூடி வந்தது. கூடவே தலைவலியும் வந்தது. டிரைவர் தம்பி படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"தலை கனமா இருக்கும்மா. வாந்தி வர்ற மாதிரி."

"நல்லதுதான். இத்தன வருசம் உள்ள தேங்கினதெல்லாம் வெளிய வருதுல்ல, உடம்பு காட்டத்தான் செய்யும். பயிற்சி வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றார் டெய்லரம்மா. அவருக்கும்தான் தலைவலி. கைக்குட்டையால் கட்டிக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

நாங்களும் சந்தோஷப்பட்டோம். ஹீட்டரில் நீலமாக எரிந்த நெருப்பு மஞ்சளாகி, மெழுகுவர்த்தி மாதிரி ஆடியது. அதன் பின்னால் சுவரில் கரி படிந்தது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன்.

அன்றைக்கு டெய்லரம்மா எனக்கென்று ஒன்று தைத்து வைத்திருந்தார். கதவின் அகலத்துக்கு ஒரு நீளப் பை, உள்ளே துண்டுத் துணி திணித்து, மலைப்பாம்பு மாதிரி. கதவடியில் போட்டு, காலால் அமுக்கினார்.

"இனிமே உங்க காலு குளிராதுக்கா. இது ஒண்ணுதான் பாக்கி இருந்துச்சு."

உண்மைதான், சில்லிப்பு சட்டென்று நின்றது. மனசு நிறைந்துபோயிற்று எனக்கு.

ஓய்வு தொடங்கியதும் நான் கீழே கழிவறைக்குப் போனேன். என் முட்டியோடு அந்தப் படி இறங்கி ஏறுவது ஒரு யாத்திரை. திரும்பி வந்து தள்ளினால் கதவு பை தடுத்து இறுக்கமாகத் திறந்தது. யார் தூக்கமும் கெடக் கூடாதென்று மெல்ல நுழைந்து, மூடி, பையைக் காலாலேயே பழைய இடத்தில் பதமாக அமுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன். டிரைவர் தம்பி குறட்டை விடவில்லை. அந்த மனுஷன் படுத்தால் கீழே கடைக் கண்ணாடி அதிரும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. டெய்லரம்மா ஒருநாளும் படுக்க மாட்டார், நடுவில் நடந்துகொண்டிருப்பார். அவரும் மேசைக் காலில் சாய்ந்து, தலை தொங்கிக் கிடந்தார்.

தங்கையைப் பார்த்தேன். கன்னம் சிவந்து, கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள். போர்வை நழுவியிருந்தது. எழுப்பக் கூடாது. எத்தனை மாசத்துக்குப் பிறகு கிடைத்த தூக்கம், நான் எப்படிக் கெடுப்பேன்? போர்த்திவிடலாம் என்று மட்டும் எழுந்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை. அப்படியே குப்புற விழுந்தேன். முட்டி தரையில் மோதியும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது. மூன்று வருஷமாக வலிக்காத நாளே கிடையாது அந்த முட்டிக்கு.

"ஏண்டி," என்றேன். "ஏய், எழுந்திருடி."

உலுக்கினேன். தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியதே தவிர, கண் திறக்கவில்லை.

தவழ்ந்து போய்ப் பையை இழுத்து எறிந்து, கதவைத் திறந்தேன். படியில் நின்ற குளிர் முகத்தில் அறைந்தது. கீழே கடையில் வேலை பார்க்கிற பெண்ணைக் கூப்பிட்டேன், எனக்கே கேட்காத குரலில். ஜன்னலில் அடைத்த துணியை விரலால் பிய்த்தால் வரவில்லை. நாற்காலிக் காலால் கண்ணாடியை உடைத்தேன். டெய்லரம்மா தலை நிமிராமலே, "கதவ மூடுங்க... குளிருது..." என்றார்.

கடைப் பெண்ணும் எதிர்க்கடை ஆட்களும் வந்து ஒவ்வொருவராக இழுத்துப் போனார்கள். டிரைவர் தம்பி படியிலேயே வாந்தி எடுத்தார். ஹீட்டர் பக்கத்தில் கிடந்ததால் என் தங்கைதான் மோசம்.

மூடின அறையில் நெருப்பு சரியாக எரியாவிட்டால் வாசனையே இல்லாத ஒரு விஷம் சேருமாம். தூக்கம் மாதிரியே இருக்குமாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். "இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தீங்கன்னா ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க."

பொழுது விடிகிற நேரத்தில் தங்கை கண் திறந்தாள். வாயிலும் மூக்கிலும் ஆக்சிஜன் மூடி. என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி மூடியைக் கழற்றினாள்.

"ஏன்க்கா எழுப்பின?"

"விஷக் காத்துடி. செத்திருப்ப."

"நல்லாத் தூங்கினேன்க்கா," என்றாள்.

மூடியை எடுத்து அவள் முகத்தில் திரும்ப வைத்தேன். அவள் மறுபடி கையைத் தூக்கினாள். அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு சேர்த்து அழுத்தினேன். இளைத்த கைதான், ஆனாலும் நான் நினைத்ததைவிடப் பலமாக இழுத்தது.