யாக்கோப்பின் காரைத் தாங்கிய வீடு

1964ஆம் ஆண்டு தை மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை தொடக்கம், யாக்கோப்பின் கார் எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் செட்டிபாளையத்தில் அவனுடைய வீடுதான் குலுங்கியது. அவனுடைய வீடு என்பது பேச்சுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது, ஆண்பிள்ளை அதில் வந்து குடியிருப்பவன். ஆகவே குலுங்கியது அவன் மனைவி அஞ்சலாவின் வீடு. கார் கல்லடிப் பாலத்தில் ஏறினால், பத்து மைலுக்கு இப்பால் அஞ்சலாவின் அடுக்களைத் தட்டிலிருந்த பீங்கான்கள் ஒன்றோடொன்று உரசும். அந்த வருடம் வெங்காயம் விலை ஏறியது, சிறுபோகத்துக்குத் தண்ணீர் பிந்தித் திறந்தார்கள், இந்த வீடு குலுங்கியது. ஊர் மூன்றையும் ஒரே மூச்சில் பேசியது.

அந்தக் கார் இரண்டே ஆசனம் உள்ள, கூரையில்லாத, பச்சை நிறப் பந்தயக் கார். நீர்ப்பாசன வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் சீமைக்குத் திரும்பியபோது, தன் மெக்கானிக்காக இருந்த யாக்கோப்புக்கு அதை விட்டுப் போனார். வேகமாக ஓடுவதற்குச் செய்த கார் என்பதால் அடியில் வில்லுத்தகடுகள் கல்லுப் போல இருந்தன. அதில் போவதும் உரலுக்குள் போவதும் ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். யாக்கோப்பு அதைப் பொருட்படுத்தியதில்லை. அஞ்சலா மூன்றாம் முறை கருவுற்ற பிறகுதான் அவனுக்குத் தூக்கம் போனது. முதல் பிள்ளைக்கு நோவு கண்டபோது அவளை மாட்டுவண்டியில் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிரான்குளத்தடியில் நோவு நின்றது, பிள்ளையும் நின்றது. இரண்டாவதற்கு பஸ்ஸில் போனார்கள், ஆரையம்பதிச் சந்தியில் அதேபோல நின்றது. அடுத்ததைக் குலுக்காமல் கொண்டுவாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சொல்வது சுலபம். அந்த றோட்டில் குலுங்காமல் போகக்கூடியது காகம் ஒன்றுதான்.

அப்போது சாமான் இறக்குமதி நின்றுபோயிருந்தது. ஆகவே யாக்கோப்பு உடைந்த லொறியொன்றின் மெல்லிய தகடுகளை எடுத்து, வெட்டி, சூடேற்றி வளைத்து, தடித்த நான்கு தகடுகளுக்குப் பதிலாக ஏழு மெல்லியவற்றை அடுக்கினான். குலுக்கத்தை அடக்கும் எண்ணெய்ப் பெட்டிகளைக் கழற்றிக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினான். மூன்று மாதம் எடுத்தது. காரைத் தூக்கி வைக்க ஜக்கு இல்லாதபடியால், முன்விறாந்தைக் கூரையைத் தாங்கிய முதிரை மர வளையில் சங்கிலிக் கப்பியைக் கட்டி, காரின் பின்பாகத்தை வீட்டிலேயே தொங்கவிட்டிருந்தான். கூட வேலை செய்தவன் அவனுடைய கூட்டாளி, பஸ் சாரதி வினாயகமூர்த்தி. வில்லின் கடைசி ஆணிகளை எப்போதும் காரை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இது யாக்கோப்புக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் கடைசி ஆணி இறுக வேண்டும் என்று வினாயகமூர்த்தி ஒற்றைக்காலில் நின்றான். வேதக்காரனான யாக்கோப்புக்கு ராகுவும் இல்லை கேதுவும் இல்லை. இருந்தாலும் மூன்று மாதம் சும்மா உழைத்துத் தந்தவனின் மனத்தை நோகடிக்க முடியுமா? கார் வளையில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, பத்து இருபத்தெட்டுக்கு இறுக்கினார்கள். மறுகா, காரை இறக்கிய பிறகு, இளக்கித் திரும்ப இறுக்கலாம் என்று நினைத்தான். பிறகு மீன் குழம்பு வந்தது, நினைப்பு போனது.

ஞாயிறு பூசை முடிந்து யாக்கோப்பு தனியே களுவாஞ்சிகுடி வரை ஓடிப் பார்த்தான். மடியில் வைத்த தேநீர்க் கோப்பையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பாடிக்கொண்டு திரும்பி வந்தவன், நாலு மாதப் பிள்ளைத்தாய்ச்சி அஞ்சலா முற்றத்து மணலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பதையும், விறாந்தை முழுக்க ஓடுகள் உடைந்து கிடப்பதையும் கண்டான். வினாயகமூர்த்தி வந்து கேட்டு, பள்ளத்துக்குப் பள்ளம் கணக்குப் பார்த்தான். தேற்றாத்தீவுப் பள்ளத்துக்கு மூன்று ஓடு, மதகுக்கு ஐந்து ஓடு, எல்லாம் சரியாக வந்தது. ஆணியை இறுக்கும்போது காரைத் தாங்கிக்கொண்டிருந்தது வீடு. வீடு தன் பாட்டுக்கு இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. பிழை தன்னுடையது என்று வினாயகமூர்த்தி ஸ்பனரை எடுத்தான். அஞ்சலா தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணன். முதல்ல நான் ஒருக்கா ஏறிப் பாக்கிறன்."

குருக்கள்மடம் வரை போய் வந்தாள். வழி முழுக்க இரண்டு கையும் வயிற்றிலேயே இருந்தது. இறங்கியபோது அவள் முகத்தை யாக்கோப்பு கலியாணம் முடித்த நாளுக்குப் பிறகு அப்படிக் கண்டதில்லை.

"கழட்டாதீங்க. புள்ள வயித்துக்க நித்திரை. வீடு எண்ட வீடு, ஆடினா ஆடட்டும்."

"அது சரி தங்கச்சி. ஆனா வீடு விழுந்திட்டா மறுகா குலுக்கம் எங்க போறது? திரும்பிக் காருக்குத்தானே வரும்," என்றான் வினாயகமூர்த்தி.

 ஐந்து மாதம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். றோட்டை மனப்பாடமாக வைத்திருக்கும் வினாயகமூர்த்தி காரை ஓட்டுவது, அவள் ஆஸ்பத்திரி சேரும் வரை யாக்கோப்பு வீட்டைத் தாங்கி நிற்பது. பெண்சாதிக்கு நோவு கண்ட நேரம் வீட்டுத் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கப் போகிறவன் என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் உயிரோடு ஓடித் திரிந்தன. அவர்கள் சிரிக்கலாம்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஞ்சலாவுக்கு நோவு கண்டது. கார் படலையைத் தாண்டியதும் நோவு நின்றது. அவளுக்கு அந்த அமைதி தெரியும், இரண்டு தரம் பார்த்த அமைதி. குருக்கள்மடம் தாண்டும் வரை வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிரான்குளத்தில், "அண்ணன், நோ நிண்டிட்டு. இதுவும் போயிட்டு," என்றாள். வினாயகமூர்த்தி வேகத்தைக் கூட்டினான். கார் ஆடாமல் அசையாமல் ஓடியது. அவள் கண்ணைத் துடைக்காமல் தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் யாக்கோப்பு நடுத்தூணைக் கட்டிப் பிடித்திருந்தான். ஓடுகள் சரிந்தன, பின்சுவர் பிளந்தது. ஒவ்வொரு அதிர்வாக, இது மதகு, இது தாழங்குடா வளைவு என்று காலால் எண்ணிக்கொண்டிருந்தான். இடையில் பள்ளம் எதற்கும் ஒத்துவராத ஒன்று வந்தது. வீடு முழுக்க மெல்ல இறுகி, நின்று, பிறகு விட்டது. திரும்ப வந்தது. வர வர இடைவெளி குறைந்தது, அது வரும்போது அவன் இடுப்பும் சேர்ந்து முறிந்தது. வெளியே நின்ற அயலாள் இரத்தினம்மா, ஆறு பெற்றவள், தடுக்கத் தடுக்க உள்ளே வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"தம்பி, இது றோட்டு இல்ல. இது புள்ளப்பேத்து நோ."

யாக்கோப்பு அழுதான். பிள்ளை உயிரோடு இருக்கிறது. அது உலகத்தில் அவனுக்கும் இரத்தினம்மாவுக்கும் மட்டும் தெரியும், தெரிய வேண்டியவள் எட்டு மைல் தூரத்தில் பிள்ளை செத்துவிட்டதென்று அழுதுகொண்டு போகிறாள். "அஞ்சலா, புள்ள இரிக்கு! புள்ள இரிக்கு!" என்று அவன் போட்ட சத்தம் கடற்கரையில் வலை இழுத்தவர்களுக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்கவில்லை. கத்தாமல் மூச்சை விடுங்கள் என்று இரத்தினம்மா அவன் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

கல்லடிப் பாலத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். எதிரே வந்த பஸ் கடக்கும் வரை கார் நின்றது. அந்த இடத்தில் பிள்ளை பிறந்தது. பிள்ளை வீரிட்டு அழுத பிறகுதான் அஞ்சலாவுக்குத் தான் பெற்றது தெரிந்தது.

செட்டிபாளையத்தில் பின்சுவர் விழுந்தது, நடுத்தூண் மேலிருந்து கீழ்வரை வெடித்தது, பிறகு எல்லாம் நின்றது. நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று சொல்ல வீட்டுக்கு வாயில்லை. மூன்று மணி நேரம் கழித்துக் காத்தான்குடிப் பள்ளம் தொடங்கி ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வந்தன. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த வினாயகமூர்த்தி காரை நிறுத்தி இறங்கும்போதும் யாக்கோப்பு தூணை விடவில்லை.

"அழுததா மச்சான்?"

"பொம்புளப் புள்ள. பாலத்தில தூண்டில் போட்டவனெல்லாம் திரும்பிப் பாத்தான்."

சுவரைத் திரும்பக் கட்டினார்கள். ஆணியை ஒருவரும் தொடவில்லை. அடுத்த இரண்டு பிள்ளைகளும் அப்படியே பிறந்தார்கள், யாக்கோப்பு மூன்று தரமும் பட்ட பாடு ஊரறியும். கார் திறப்பை எடுத்தால் வீட்டில் உள்ளவர்கள் பீங்கான்களை இறக்கி வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்துவிடுவார்கள். மூத்தவளின் பிறப்பைப் பதியப் போனபோதுதான் ஒரு சின்ன இழுபறி. பாலத்தில் பிறந்த பிள்ளையைப் பட்டினத்தில்தான் பதிய வேண்டும் என்றார் எங்கள் பகுதிப் பதிவாளர். அஞ்சலா பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"பாலத்தில எனக்கு ஒரு நோவும் இல்ல ஐயா. அதெல்லாம் இந்த மனிசன்தான் வீட்டில நிண்டு பட்டவர். வீடெண்டே எழுதுங்க."

பதிவாளர் யாக்கோப்பைப் பார்த்தார். யாக்கோப்பு தலையைக் குனிந்துகொண்டான். எத்தனை மணி நேரம் என்று பதிவாளர் கேட்டார், முக்கால் மணி நேரம் என்று யாக்கோப்பு சொன்னான். அவனுடைய முதல் பிரசவத்துக்கு அது குறைவுதான் என்று சொல்லி, பிறந்த இடம் செட்டிபாளையம் என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, அவனை இருக்கச் சொல்லிக் கதிரையைத் தள்ளிக் கொடுத்தார்.